கிளிக்கும் மவுஸ் அசைவும்: வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட, பின்னேரங்களில் வெப்பக்கம் செய்யப் பழக்குகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஏ.எல். (உயர்தர) பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். மீதிப் பேர் கடையோ விருந்தினர் விடுதியோ நடத்துகிறவர்கள். குழு மாறினாலும் கேள்வி மாறுவதில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

எல்லாருக்கும் இரண்டு பயிற்சி கொடுப்பேன். ஒன்று நல்லூர்த் திருவிழாப் பக்கம். கொடியேற்றம் தொடங்கித் தீர்த்தம் வரை 25 நாளுக்கும் 25 பெட்டி. ஒன்றைக் கிளிக் செய்தால் அன்றைய விபரம் கீழே வரவேண்டும். மற்றது தீவுப்பகுதி வரைபடம். மவுஸை ஒரு தீவின்மேல் கொண்டுபோனால் அதன் பெயரும் போகும் வழியும் தெரியவேண்டும். இரண்டையும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதுவோம், திறந்த பக்கத்தை மாற்றுவது அதன் வேலை. கீழே உள்ள கேள்விகள் எல்லாம் இந்த இரண்டையும் செய்யும்போது வந்தவை. கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்கிற மாதிரியே தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பக்கம் வந்து திறந்த பிறகும் அதை மாற்றலாம் என்றால், எதை மாற்றுகிறோம்? ஃபைலையா?

இல்லை. பக்கத்தில் என்னென்ன இருக்கும் என்று நீங்கள் எழுதிய எச்டிஎம்எல் ஃபைல் சேர்வரில் எழுதினபடியே கிடக்கும். பிரௌசர் (பள்ளியில் மேலோடி என்று படித்திருப்பீர்கள்) அந்த ஃபைலை வாசித்துத் தன் நினைவகத்தில் ஒரு மரம் மாதிரிக் கட்டி வைக்கிறது. அதற்குப் பெயர் டொம். பக்கம் அடிமரம், பெட்டிகள் கிளைகள், பெட்டிக்குள் இருக்கும் எழுத்து இலை. ஜாவாஸ்கிரிப்ட் கைவைப்பது இந்த மரத்தில்தான். கிளையின் நிறத்தை மாற்றினால் பிரௌசர் உடனே திரையைத் திருப்பி வரைந்துவிடும்.

"வியூ சோர்ஸில் பார்த்தால் பழையபடியே இருக்கிறதே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். அது வந்து சேர்ந்த ஃபைல். இப்போதைய மரத்தைப் பார்க்க வேண்டுமானால் பெட்டியின்மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்தவர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டதில்லை.

இந்த ஜாவாஸ்கிரிப்ட் எப்போது தொடங்கியது?

1995 மே மாதம் நெட்ஸ்கேப் என்ற பிரௌசர் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். அவசரமாகச் செய்த வேலை என்பது இன்றைக்கும் சில இடங்களில் தெரியும். அடுத்த வருடம் வந்த நெட்ஸ்கேப் 3இல் மவுஸ் மேலே போனால் படம் மாறுகிற வித்தை வந்தது. 2000களில் செய்த பழைய பக்கங்களில் மெனுப் பட்டன்கள் பளிச்சென்று நிறம் மாறுமே, அதன் ஆரம்பம் அதுதான். பக்கத்தில் உள்ள எதையும் மாற்றலாம் என்ற நிலை 1997இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 உடன் வந்தது. ஆனால் நெட்ஸ்கேப்புக்கு ஒரு விதம், எக்ஸ்புளோரருக்கு இன்னொரு விதம் என்று எழுதவேண்டி இருந்தது. இணையத்துக்குப் பொதுவிதி வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998இல் டொமுக்குப் பொதுவிதி போட்டது, 2000இல் கிளிக், மவுஸ் அசைவு போன்ற நிகழ்வுகளுக்கும் போட்டது. எக்ஸ்புளோரர் அதை ஏற்றுக்கொள்ள 2011இல் ஒன்பதாம் பதிப்பு வரவேண்டி இருந்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களில் அட்டாச் ஈவென்ட் என்று கண்டால் அந்தக் காலத்துச் சரக்கு, தொடவேண்டாம்.

ஒன்கிளிக் போட்டாலே வேலை செய்கிறது. எதற்கு ஆட் ஈவென்ட் லிஸ்னர்?

கிளிக் வந்தால் எந்த ஃபங்ஷனை (ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பை) ஓட்டவேண்டும் என்று பெட்டியிடம் சொல்லிவைக்கும் வழிகள் இரண்டும். ஒன்கிளிக் ஒற்றைக் கதிரை. முதலில் ஒரு ஃபங்ஷனை இருத்திவிட்டு அடுத்த வரியில் இன்னொன்றை இருத்தினால் முதலாவது எழும்பிப் போய்விடும், சத்தமில்லாமல். ஆட் ஈவென்ட் லிஸ்னர் வாங்கு (பெஞ்ச்) மாதிரி, எத்தனை பேரும் இருக்கலாம். அப்படி இருத்தி வைத்த ஒவ்வொன்றையும் லிஸ்னர் என்போம். பெட்டியைக் கிளிக் செய்தால் விபரம் காட்டுவது ஒரு வேலை, நிறம் மாற்றுவது இன்னொரு வேலை என்று தனித்தனியாக எழுதலாம்; ஒன்று மற்றதை அழிக்காது.

சேர், கிளிக் பண்ணினால் ஒன்றுமே நடக்குதில்லை.

முதலில் எஃப்12 அழுத்திக் கொன்சோலை (பிரௌசர் பிழைகளை எழுதிக் காட்டும் இடத்தை) பாருங்கள். சிவப்பு எழுத்து இருந்தால் வாசியுங்கள். வாசிக்காமல் என்னைக் கூப்பிடுகிறவர்கள்தான் கூட.

'நல்' என்ற சொல் அதில் இருந்தால் நீங்கள் தேடிய பெட்டி கிடைக்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஸ்கிரிப்ட் வரியை பக்கத்தின் தலைப்பகுதியில் போட்டிருப்பீர்கள். பிரௌசர் மேலிருந்து கீழே வாசிக்கிறது. ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் பெட்டிகள் இன்னும் பிறக்கவில்லை. ஸ்கிரிப்ட் தனி ஃபைலில் இருந்தால் அதன் டேக்கில் டிஃபர் என்ற சொல்லைச் சேருங்கள், மரம் கட்டி முடியும்வரை அது பொறுத்திருக்கும். அது ஏற்கெனவே இருந்தால் கிளாஸ் (பல பெட்டிக்கும் பொதுவான பெயர்) பெயருக்கு முன்னால் புள்ளி விட்டிருக்கிறீர்களா, ஐடிக்கு (ஒரே பெட்டிக்குரிய பெயர்) முன்னால் ஹாஷ் (#) விட்டிருக்கிறீர்களா பாருங்கள்.

சிவப்பு எழுத்து இல்லை, ஆனால் பக்கம் திறந்த உடனேயே ஒருதரம் விபரம் வந்துவிட்டது, பிறகு கிளிக்குக்கு அசையவில்லை என்றால் அது வேறு வருத்தம். லிஸ்னருக்குள் ஃபங்ஷன் பெயரைக் கொடுக்கும்போது பின்னால் அடைப்புக்குறியும் போட்டுவிட்டீர்கள். அடைப்புக்குறி போட்டால் "இப்பவே செய்" என்று அர்த்தம். பெயரை மட்டும் கொடுத்தால் "கிளிக் வரும்போது செய்".

எந்த நாளைக் கிளிக் செய்தாலும் "26ஆம் நாள்" என்று வருகிறது! திருவிழாவே 25 நாள்தானே?

எனக்கு மிகப் பிடித்த பிழை இது. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் செய்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள், பிறகு தங்கள் திரையிலும் அதுவே வந்திருப்பதைக் காண்பார்கள்.

நீங்கள் லூப்பில் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் வரிகளில்) எண்ணும் ஐ என்ற மாறியை வார் போட்டு அறிவித்திருக்கிறீர்கள். வார் போட்டால் முழு லூப்புக்கும் ஒரே ஒரு ஐதான். 25 லிஸ்னர்களும் அந்த ஒரே ஐயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. லூப் 25ஐத் தாண்டி 26 ஆனதும் நிற்கிறது. அதெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். நீங்கள் ஆறுதலாக வந்து முதலாம் நாளைக் கிளிக் செய்யும்போது அது ஐயை எட்டிப் பார்க்கிறது, அங்கே 26 இருக்கிறது.

வார் என்பதை லெட் ஆக்குங்கள். ஒரு சொல்தான். லெட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புது ஐ கொடுக்கும். அந்தந்தப் பெட்டி அந்தந்த எண்ணை வைத்துக்கொள்ளும். 2015இல் மொழியில் சேர்ந்த வசதி இது. அதற்கு முதல் இதைத் தீர்க்க ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன் எழுதினோம். அந்தக் கஷ்டத்தை இங்கே சொல்லி உங்களைப் பயமுறுத்தவில்லை.

25 பெட்டிக்கும் 25 லிஸ்னர் போடத்தான் வேண்டுமா?

வேண்டாம். பெட்டிகள் எல்லாவற்றையும் அடக்கியிருக்கும் வெளிப்பெட்டிக்கு ஒன்றே ஒன்று போதும். கிளிக் ஒன்று நடந்தால் அது நடந்த இடத்தோடு நிற்காது. உள்ளே இருக்கும் உறுப்பில் தொடங்கிப் பெட்டிக்கு, வெளிப்பெட்டிக்கு, பக்கத்துக்கு என்று குமிழிபோல் மேலே எழும்பிப் போகும். வெளிப்பெட்டியில் காத்திருந்து அதைப் பிடிக்கலாம். எது கிளிக் ஆனது என்பதை ஈவென்ட் டார்கெட் சொல்லும்.

ஒரு கவனம். தேர் நாளான 24ஆம் பெட்டிக்குள் சின்னத் தேர்ப் படம் ஒன்று வைத்திருக்கிறோம். ஆள் படத்தின்மேல் கிளிக் செய்தால் டார்கெட்டாக வருவது பெட்டியல்ல, படம். படத்திடம் நாள் எண் இல்லை. அதனால் டார்கெட்டிடம் குளோசஸ்ட் என்று கேட்டு, அது இருக்கும் பெட்டியைத் தேடிப் பிடியுங்கள். இடைவெளியில் கிளிக் செய்தால் பெட்டியே கிடைக்காது. அப்போது ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடவேண்டும். இந்த 'திரும்பிவிடு' வரியை மறப்பவர்கள் கனபேர்.

இதில் இன்னொரு இலாபம் உண்டு. பிறகு பூங்காவனத்துக்கு என்று 26ஆம் பெட்டி ஒன்றைச் சேர்த்தாலும் புதிதாக லிஸ்னர் தேவையில்லை.

நிறத்தை மாற்ற ஸ்டைலா, கிளாஸா?

கிளாஸ். "தெரிவு" என்று ஒரு கிளாஸை சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தை எழுதும் பகுதியில்) எழுதிவையுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் கிளாஸ்லிஸ்ட் ஆட், ரிமூவ், டொகிள் மட்டும் போதும். ஸ்டைலில் நேரடியாகப் பின்னணி, எழுத்து, ஓரம் என்று ஐந்து வரி எழுதினால், பழையபடி ஆக்க இன்னும் ஐந்து வரி எழுதவேண்டும். அதில் ஒன்று விடுபடும்.

எழுத்தை மாற்ற இன்னர் எச்டிஎம்எல்லா, டெக்ஸ்ட் கன்டென்டா?

வெறும் எழுத்து என்றால் டெக்ஸ்ட் கன்டென்ட். இன்னர் எச்டிஎம்எல் கொடுத்ததை எச்டிஎம்எல்லாகவே எடுத்துக்கொள்ளும். முன்பின் தெரியாதவர் பெட்டியில் எழுதி அனுப்பியதை இன்னர் எச்டிஎம்எல்லில் ஒருபோதும் போடாதீர்கள். அவர் பெயருக்குப் பதில் கட்டளை எழுதி அனுப்பினால் அது உங்கள் பக்கத்தில், உங்கள் வாடிக்கையாளரின் பிரௌசரில் ஓடும்.

மவுஸ்ஓவருக்கும் மவுஸ்என்டருக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கிறது.

வெறும் பெட்டியில் ஒன்று போலத்தான் இருக்கும். வரைபடத்தில் வித்தியாசம் வடிவாகத் தெரியும்.

எங்கள் வரைபடம் எஸ்விஜியில் (உருவங்களைக் கட்டளையாக எழுதும் பட வடிவம்) வரைந்தது. நெடுந்தீவு ஒரு குழு. அதற்குள் தீவின் உருவம் ஒன்று, அதன்மேல் "நெடுந்தீவு" என்ற எழுத்து ஒன்று. மவுஸ் நிலத்தின்மேல் வருகிறது, குறிப்புப் பெட்டி தோன்றுகிறது. மவுஸ் அப்படியே நகர்ந்து எழுத்தின்மேல் ஏறுகிறது. உங்கள் கண்ணுக்கு மவுஸ் இன்னும் நெடுந்தீவில்தான். பிரௌசருக்கு அப்படியல்ல: நிலத்தை விட்டு வெளியே போனதற்கு ஒரு மவுஸ்அவுட், எழுத்துக்குள் வந்ததற்கு ஒரு மவுஸ்ஓவர், இரண்டும் குமிழியாக எழும்பிக் குழுவுக்கு வருகின்றன. குறிப்புப் பெட்டி மறைந்து மறுபடி தோன்றும்.

மவுஸ்என்டர் குழுவை ஒரே வீடாகப் பார்க்கும். படலையால் உள்ளே வந்தபோது ஒருதரம் சொல்லும். விறாந்தையிலிருந்து குசினிக்குப் போனால் சொல்லாது. வெளியே போகும்போது மவுஸ்லீவ் ஒருதரம் சொல்லும். குறிப்புக் காட்டும் வேலைக்கு இந்தச் சோடிதான் சரி. ஆனால் மவுஸ்என்டர் குமிழியாக எழும்பாது, அதனால் வெளிப்பெட்டியில் ஒன்றே ஒன்று போடும் தந்திரம் இங்கே எடுபடாது. தீவுக்கு ஒன்றாகப் போடவேண்டும். ஏழெட்டுத் தீவுக்கு அது ஒரு பாரமில்லை.

குறிப்புப் பெட்டி டியூப்லைட் மாதிரி மினுக் மினுக்கென்று அடிக்கிறது.

பெட்டியைச் சரியாக மவுஸ் முனையின் கீழேயே வைத்திருக்கிறீர்கள். பெட்டி தோன்றியதும் மவுஸ் தீவின்மேல் இல்லை, பெட்டியின்மேல் நிற்கிறது. உடனே தீவு "வெளியே போய்விட்டார்" என்கிறது, பெட்டி மறைகிறது. மறைந்ததும் மவுஸ் மறுபடி தீவின்மேல். இந்தச் சண்டை விநாடிக்குப் பல தடவை நடக்கும்.

குறிப்புப் பெட்டிக்குச் சிஎஸ்எஸ்ஸில் பொயின்டர் ஈவென்ட்ஸ் நன் என்று எழுதுங்கள். பிறகு மவுஸுக்கு அந்தப் பெட்டி கண்ணாடி மாதிரி, ஊடுருவிக் கீழே இருக்கும் தீவைத்தான் காணும். கூடவே 12 பிக்சல் வலப்பக்கமும் கீழேயும் தள்ளி வைத்தால் வாசிக்கவும் வசதி.

பக்கத்தைக் கீழே உருட்டினால் குறிப்பு எங்கேயோ போய் நிற்கிறது.

மவுஸின் இடத்தைச் சொல்ல மூன்று கணக்கு உண்டு. கிளையன்ட் எக்ஸ், வை திரையில் தெரியும் பகுதியின் மேல் இடது மூலையிலிருந்து. பேஜ் எக்ஸ், வை முழுப் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து, உருட்டியதையும் சேர்த்து. ஒஃப்செட் எக்ஸ், வை மவுஸ் நிற்கும் உறுப்பின் மூலையிலிருந்து. குறிப்புப் பெட்டி பொசிஷன் ஃபிக்ஸ்ட் (உருட்டினாலும் திரையில் அதே இடத்தில் நிற்பது) என்றால் கிளையன்ட் எண்ணைக் கொடுங்கள். பக்கத்தோடு சேர்ந்து உருளும் அப்சலூட் பெட்டி, வேறு பெட்டிக்குள் அடங்காமல் இருந்தால், பேஜ் எண். இரண்டையும் கலந்ததால் வந்த வினை இது.

மவுஸ் அசையும்போது பழைய லேப்டொப்பில் பக்கம் இழுபடுகிறது.

மவுஸ்மூவ் ஒரு விநாடியில் எத்தனையோ தடவை வரும். ஒவ்வொரு தடவையும் நீங்கள் இடத்தை அளந்து, எழுத்தை மாற்றி, பெட்டியை நகர்த்தினால் பாவம் அது என்ன செய்யும்? பெரும்பாலான திரைகள் விநாடிக்கு 60 தடவைதான் புதுப்பிக்கின்றன, அதாவது 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. அதற்கு மேல் செய்யும் வேலை யாருக்கும் தெரியாது.

லிஸ்னருக்குள் மவுஸின் இரண்டு எண்ணை மட்டும் குறித்து வையுங்கள். வரையும் வேலையை ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் என்பதிடம் கொடுங்கள், திரை புதுப்பிக்கும் தருணத்தில் அது ஒருதரம் செய்யும். நகர்த்துவதற்கு லெஃப்ட், டொப் வேண்டாம், டிரான்ஸ்ஃபோர்ம் பாவியுங்கள். லெஃப்ட்டை மாற்றினால் பிரௌசர் இடஅமைப்பைத் திருப்பிக் கணக்கிடவேண்டி வரும். தீவின் பெயரை எழுதுவது மவுஸ்என்டர் வேலை. அதை மவுஸ்மூவில் போட்டு "நயினாதீவு, நயினாதீவு" என்று நூறுதரம் எழுதவேண்டாம்.

நிறம் மட்டும் மாறவேண்டும் என்றால்?

ஜாவாஸ்கிரிப்டே வேண்டாம். சிஎஸ்எஸ்ஸில் ஹவர் (மவுஸ் மேலே நிற்கும்போது வரும் தோற்றம்) போதும். ஆனால் ஹவரில் எழுத்தைத் தடிப்பாக்காதீர்கள். தமிழ் எழுத்து ஏற்கெனவே அகலம். "ஊர்காவற்றுறை" தடித்தால் பக்கத்துப் பட்டன் தள்ளுப்பட்டு மெனு முழுவதும் ஆடும்.

போனில் மவுஸ் இல்லையே, அப்போது வரைபடம் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம். பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது, வேலை எல்லாம் முடித்து, போனில் திறந்து பார்த்த பிறகு.

தேரன்று காலை நல்லூர் வீதியில் நின்று பக்கத்தைத் திறப்பவரின் கையில் மவுஸ் இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று நெடுந்தீவுப் படகைப் பற்றித் தேடுபவரிடமும் இல்லை. உங்கள் பக்கம் உண்மையில் தேவைப்படும் ஆட்கள் அவர்கள்தான். வகுப்பு மேசையில் மவுஸோடு இருக்கும் நாங்கள் சும்மா அழகு பார்ப்பவர்கள்.

விரலால் தொட்டால் போன் பிரௌசர் மவுஸ் வந்த மாதிரி நடிக்கும்: மவுஸ்ஓவர், மவுஸ்மூவ், மவுஸ்டவுன், மவுஸ்அப், கடைசியில் கிளிக், எல்லாம் ஒரே மூச்சில். அதனால் கிளிக் நம்பகமானது. ஹவர் அப்படியல்ல, தொட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, வேறெங்காவது தொடும்வரை போகாது. விரலை வைத்து இழுத்தால் மவுஸ்மூவ் தொடர்ந்து வராது, பக்கம்தான் உருளும்.

ஆகவே என் வகுப்பில் ஒரு கட்டாயம்: மவுஸ் அசைவில் காட்டும் எதுவும் கிளிக்கிலும் கிடைக்கவேண்டும். "புங்குடுதீவு: வேலணையிலிருந்து தரைவழியாகவே போகலாம்", "அனலைதீவு: ஊர்காவற்றுறையிலிருந்து படகு" என்ற வரிகள் தீவைத் தொட்டாலும் கீழே வரவேண்டும். மவுஸ் உள்ளவருக்கு மட்டும் மிதக்கும் குறிப்பைக் காட்ட, சிஎஸ்எஸ் மீடியா நிபந்தனையில் ஹவர் உண்டா என்று கேட்கலாம்.

விரலுக்கு இன்னொரு பிரச்சினை, அளவு. எழுவைதீவு எங்கள் வரைபடத்தில் ஒரு பயறளவு. மவுஸ் முனை அதைப் பிடிக்கும், பெருவிரல் பிடிக்காது. உருவத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத, நிறமில்லாத தடித்த ஓரம் ஒன்று போட்டோம். பார்வைக்குத் தீவு பெருக்கவில்லை, தொடும் இடம் பெருத்தது. 2023இல் வந்த அணுகல் விதிகள் குறைந்தது 24க்கு 24 பிக்சல் கேட்கின்றன. நான் அதற்கு இரு மடங்கு கேட்பேன்.

மவுஸ், விரல், பேனா மூன்றுக்கும் ஒரே பெயரில் எழுத பொயின்டர் ஈவென்ட்ஸ் இருக்கிறது: பொயின்டர்டவுன், பொயின்டர்மூவ் என்று. வரைபடத்தை இழுத்து நகர்த்தும் வேலைக்கு அதைப் பாவியுங்கள். சாதாரணப் பட்டனுக்குக் கிளிக்கே காணும்.

டிவ்வை பட்டன் மாதிரி அலங்கரித்தால் போதாதா?

டிவ் என்பது வெறும் பெட்டி. பார்வைக்குப் போதும். டேப் கீயால் நகர்கிறவருக்கு அது தட்டுப்படாது, என்டர் அழுத்தினால் அசையாது, திரையை வாசித்துக் கேட்கும் பார்வைக் குறைபாடுள்ளவருக்கு அது பட்டன் என்றே தெரியாது. உண்மையான பட்டன் டேக் போட்டால் இதெல்லாம் சும்மா கிடைக்கிறது. கீபோர்டில் என்டர் அழுத்தினாலும் கிளிக் நிகழ்வே வரும். பிடிக்காத தோற்றத்தைச் சிஎஸ்எஸ்ஸில் மாற்றுங்கள்.

ஒருவர் இரண்டுதரம் கிளிக் செய்தால் இரண்டு பதிவு போகிறதே?

போகும். எனக்கு நடந்திருக்கிறது. ஒரு விருந்தினர் விடுதிக்கு அறை பதியும் பக்கம் செய்து கொடுத்தேன். கொழும்பிலிருந்து ஒருவர் பதிந்திருக்கிறார். இணைப்பு மெதுவாக இருக்க, ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து நான்கு தரம் அழுத்தியிருக்கிறார். முதலாளி நான்கு அறையை வெளிக்கிடுத்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். வந்து இறங்கியது புருஷன், பெண்சாதி இரண்டே பேர். அன்றிரவு எனக்கு வந்த போன்கோலை இங்கே எழுத முடியாது.

முதல் கிளிக்கிலேயே பட்டனை டிசேபிள் செய்து, அதன் எழுத்தை "அனுப்புகிறது…" என்று மாற்றுங்கள். பிழை வந்தால் மறுபடி திறந்துவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஆள் பக்கத்தையே புதிதாகத் திறக்கவேண்டி வரும். இது முன்கதவுப் பூட்டு மட்டும்தான். ஒரே பதிவு திரும்ப வந்தால் சேர்வரும் மறுக்கவேண்டும்.

ஜேகுவெரி படிக்கவேண்டுமா, நேரே ரியாக்டுக்குப் போகலாமா?

இரண்டும் ஜாவாஸ்கிரிப்டில் மற்றவர்கள் எழுதிவைத்த உதவித் தொகுப்புகள். ஜேகுவெரி 2006இல் வந்தபோது பிரௌசர் சண்டைகளிலிருந்து எங்களைக் காப்பாற்றியது. இன்றைக்குப் புதுப் பக்கத்துக்குத் தேவையில்லை. பழைய பக்கம் திருத்தும் வேலை கிடைத்தால் ஒரு பின்னேரத்தில் பிடித்துவிடலாம். ரியாக்டில் நீங்கள் பட்டனுக்குப் பக்கத்தில் ஒன்கிளிக் எழுதினாலும், அது உள்ளுக்குள் மரத்தின் வேரில் நின்றுதான் குமிழியைப் பிடிக்கிறது, நாங்கள் 25 பெட்டிக்குச் செய்த அதே வேலை. நல்லூர்ப் பக்கத்தையும் வரைபடத்தையும் வெறும் ஜாவாஸ்கிரிப்டில் முடித்துவிட்டு வாருங்கள், பிறகு கதைப்போம்.